நங்கூரம் மாட்டிக்கிச்சு

இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று பஸ் டிரைவர் சபதம் செய்தார். மனசுக்குள்தான் செய்தார். வாயைத் திறந்து செய்தால் மனைவி காதில் விழுந்துவிடும்.

வாரத்தில் ஆறு நாள் ஹாரன் சத்தம், படிக்கட்டுச் சண்டை, பிரேக் போட்டால் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரின் திட்டு. ஏழாம் நாளும் ஒரு மனுஷன் நிம்மதியாகக் காலை நீட்டக் கூடாதா? மூன்று வாரமாக அந்த ஆறு கதவுகளும் அவரைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தன.

முதுகுவலி வந்து மீன்பிடிப்பை விட்ட மாமனார், தன் துடுப்புப் படகை மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். "படகைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்" என்று டிரைவர் காலையிலேயே நழுவினார். நடு ஏரிக்கு வந்ததும் மாமனார் சொல்லிக் கொடுத்தபடி நங்கூரத்தை வீசாமல் மெல்ல இறக்கினார். ஆழம் பத்தடி, விட்ட கயிறு ஐம்பதடி. படகு காற்றுக்கு முகம் திரும்பி, கயிறு விறைத்து, அப்படியே நின்றது. கரையில் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும் ஒரே கோட்டில் தெரிந்தன. கால் மணி நேரம் கழித்தும் அந்தக் கோடு மாறவில்லை; படகு இம்மியும் நகரவில்லை என்று அர்த்தம்.

"நங்கை இருக்கிற ஊருக்குத் தூரம். அதான் நங்கூரம்!" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தபடி படுத்தார்.

போன் அடித்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"படகுலதாம்மா. நங்கூரம் சரியா பிடிக்குதான்னு பாக்கறேன்."

"பிடிக்குதா?"

"உடும்புப் பிடி!"

"அப்ப பாத்தாச்சுல்ல. வந்து பெயிண்டை அடிங்க."

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல இல்ல, லேசா இழுத்துக்கிட்டுப் போகுது. இப்படியே விட்டுட்டு வந்தா, உங்கப்பா படகு கரையில மோதிடும்."

"ஐயோ, ஆபத்தாச்சே! உடனே கரைக்குக் கொண்டாந்துடுங்க."

பிடித்தாலும் வரணுமாம், பிடிக்காவிட்டாலும் வரணுமாம்! டிரைவருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வரலாம்னுதான் பாக்கறேன். நங்கூரம் அடியில கல்லுல மாட்டிக்கிச்சு. அசையவே மாட்டேங்குது!"

"இப்பதான் இழுத்துக்கிட்டுப் போகுதுன்னீங்க?"

"போச்சு. போய்த்தான் மாட்டிக்கிச்சு."

"கயிறு எவ்வளவு விட்டீங்க?"

"அம்பதடி."

"அது ஏரிக்கு. எனக்கு எவ்வளவு விடறீங்க?"

"சத்தியமா மாட்டிக்கிச்சும்மா!"

"சரி, பாவம். அங்கேயே இருங்க. கயித்தை அறுத்துக்கிறுத்துத் தொலைச்சிடாதீங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் வெற்றி! டிரைவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். இரண்டே நிமிஷத்தில் குறட்டை.

'தட்' என்று படகில் ஏதோ இடித்ததும் பதறி எழுந்தார். பக்கத்தில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர், வந்த சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படகில் மனைவி. மனைவிக்குப் பக்கத்தில் ஆறு அலமாரிக் கதவுகள், உப்புத்தாள், பெயிண்ட் டப்பா, இரண்டு பிரஷ்.

"வீட்டுக்குள்ள அடிச்சா நாத்தம் தாங்காதுங்க. இங்க நல்லாக் காத்து வருது."

"ஏம்மா, ஆடுற படகுல எப்படி அடிக்கிறது?"

"எங்க ஆடுது? என்னமா நிக்குது பாருங்க!"

கதவுகள் ஒவ்வொன்றாக இந்தப் படகுக்கு மாறின. கடைசியாக அவள் குனிந்து, டிரைவரின் காலடியில் கிடந்த இரண்டு துடுப்புகளையும் எடுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, துடுப்பு எதுக்கு?"

"மாட்டிக்கிட்ட படகுக்குத் துடுப்பு எதுக்கு? நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

படகுக்காரர் தள்ளிக்கொண்டு கிளம்பினார். டிரைவருக்கு வேர்த்துவிட்டது. "நில்லும்மா! மாட்டிக்கல! பொய் சொன்னேன்! கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

"தெரியுங்க," என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "சின்னப் புள்ளையிலேருந்து எங்கப்பாவோட இந்த ஏரியிலதான் கெடந்தேன். அடியில வெறும் சேறு. ரெண்டு கோட்டு அடிச்சிடுங்க."