ஏழாம் குழிப் பந்து

பர்மனென்ட் ஆன மறுநாளே பொண்டாட்டியை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று செங்கல்வராயன் முடிவு செய்தான். பர்மனென்ட் இன்னும் ஆகவில்லை. அதனால் என்ன? முடிவு முடிவுதான்.

அவன் சேக்காட்டுக்காரன். ஆவடிக்கு வெளியே ஒன்பது குழிகளோடு ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. ஆபீசர்கள் பந்தை அடிப்பார்கள். இவன் அவர்களுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பான். இருபத்திரண்டு வருஷம் நடந்திருக்கிறான். அந்த வேலைக்குப் பெயர் கேடி. அந்தப் பெயரைச் சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? 'ஆபீசருக்கு ஒத்தாசை' என்று சொல்லித்தான் நாகவல்லியைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளும் அதே மைதானத்தில் களை எடுக்க வந்துவிட்டாள். தினக்கூலி. குப்பம்மா, பேபி என்று கூட்டு. வெயிலில் குந்திக்கொண்டு சிரித்தபடியே புல் பிடுங்குவார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தான். சரியாகத்தான் நினைத்தான்.

பை தூக்குகிறவன் பையோடு விட்டிருக்கலாம். இவன் ஆபீசர்களின் கருத்துகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு மேஜர், இடது முழங்கை மடங்கினால் பந்து போகாது என்பார். ஒரு டாக்டர், முழங்கையில் என்ன இருக்கிறது, எல்லாம் இடுப்பு என்பார். பாடியில் ஒரு தொழிற்சாலை மேனேஜர். அவருக்கு எல்லாமே மட்டைதான். வருஷத்துக்கு ஒரு செட் சிங்கப்பூரிலிருந்து வரவழைப்பார். வரவழைத்து, பழைய மட்டையால் அடித்த அதே புதரில் அடிப்பார். மூன்று பேரும் பாதி நாள் பந்து தேடினார்கள். கருத்தில் மட்டும் குறைவில்லை.

நாகவல்லி வாசல் பெருக்கினால் இவன் முழங்கையைப் பார்ப்பான்.

"இன்னாமே, கைய மடக்கிகினு பெருக்கற? எடது கை நேரா இருக்கணும். தலைய தூக்காத."

"குப்பை போச்சா இல்லியா?"

"போச்சி. ஆனா மொறையா போகல."

சாப்பாட்டு வேளை இன்னும் மோசம். ஒருவன் அடிக்க நிற்கும்போது மற்றவன் பேசக்கூடாது, அசையக்கூடாது, அவன்மேல் நிழல் விழக்கூடாது. ஆட்டத்து மரியாதை அது. அதை அவன் சோற்றுத் தட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"நான் துன்னும்போது பேசாத. எதுர்ல நிக்காத. நெழல் வுழுது பாரு."

"சோத்த எந்தக் குழியில தள்ளப் போற?"

"மரியாத தெரியாத ஜென்மம்."

"கொழம்பு வேணுமா?"

"ஊத்து."

"இப்ப நீதான் பேசின."

எண்பத்தொன்பதில் நாற்காலி காலியானது. முதல் குழிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். ஆட வருகிறவர்களை வரிசைப்படி அனுப்புகிற ஆள் உட்காரும் இடம். அந்த ஆள் ஓய்வு பெற்றான். மைதானத்துச் செக்ரட்டரி ஒரு ரிட்டயர்டு கர்னல். கேடிகளுக்குள் போட்டி வைப்பதாகச் சொன்னார். ஜெயித்தவனுக்கு நாற்காலி. காக்கிச் சட்டை, பி.எஃப்., பர்மனென்ட். இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்கு நாற்காலி என்றால் என்னவென்று உட்கார்ந்தே இருக்கிறவனுக்குத் தெரியாது.

கடைசி ஆட்டத்துக்கு செங்கல்வராயனும் வேம்புலியும் வந்து நின்றார்கள். வேம்புலி வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவன். பேசமாட்டான். கருத்தே கிடையாது. அதனால் நன்றாக அடிப்பான்.

செங்கல்வராயனுக்குக் கண்டம் ஏழாம் குழி. போகிற வழியில் வலது பக்கம் பனைமரங்கள். அடியில் ஈச்சம்புதர். அவன் பந்து அங்கேதான் போகும். முழங்கையை நேராக வைத்தாலும் போகும். இடுப்பைத் திருப்பினாலும் போகும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில், துன்னும்போது பேசக்கூடாது என்ற மரியாதையை ஒத்திவைத்துவிட்டு, அவனே பேச்செடுத்தான்.

"நாளைக்கு ஏழாங்குழி புதராண்ட குந்திகினு களை எடு."

"எடுத்தா?"

"என் பந்து உள்ள வந்தா காலால வெளிய தள்ளி வுட்டுடு. புல்லு மேல."

"போன மாசம் சம்பத்த அதுக்குத்தானே தொரத்தனாங்க."

சம்பத் இன்னொரு கேடி. ஆபீசர் சொன்னார் என்று பந்தைக் காலால் தள்ளினான். கர்னல் அன்றைக்கே அவனை கேட்டுக்கு வெளியே அனுப்பினார். தள்ளச் சொன்ன ஆபீசர் மறுநாளும் ஆட வந்தார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்டுதான் ரெண்டு.

"அவன் மாட்டிகினான். நீ மாட்டமாட்ட. பொம்பள களை எடுக்கறத எவன் பாக்கறான்?"

"பர்மனென்ட் ஆனா எனக்கு இன்னா?"

"நீ வேலைக்கே வர வேணாம். ஊட்லயே கெட."

"நான் கேட்டனா?"

"காக்கி சட்டக்காரன் பொண்டாட்டி புல்லு புடுங்குனா எனக்கு அசிங்கம்மே."

நாகவல்லி எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். இருபது வருஷம் குடித்தனம் செய்தவன் எடுத்துக்கொள்கிற லட்சணமா இது?

போட்டி முழுக்க எல்லோருக்கும் ஒரே ரகப் பந்து. கிளப்பே கொடுத்தது. பேனாவால் அடையாளம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அடையாளம் போடாமல் அடிக்கிறவனைக் கண்டால் செங்கல்வராயனுக்கு ஆகாது. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பான். அன்றைக்கு நாற்காலி நினைப்பில் அவனே மறந்துவிட்டான்.

எவன் குறைந்த அடியில் குழிக்குள் தள்ளுகிறானோ, குழி அவனுக்கு. ஆறு குழிவரை சமம். ஏழாவதில் வேம்புலி நடுவாந்தரமாக அடித்தான். செங்கல்வராயன் மேஜரை நினைத்துக்கொண்டான், டாக்டரை நினைத்துக்கொண்டான், அடித்தான். பந்து வலது பக்கம் வளைந்து பனைமரத்துக்குப் பின்னால் மறைந்தது.

போய்ப் பார்த்தான். புதருக்கு முன்னால், வெட்டின புல்லின்மேல், முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது பந்து. பத்தடி தள்ளி நாகவல்லி முதுகைக் காட்டிக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நடிப்பு என்று மெச்சிக்கொண்டான். அடித்தான். பந்து குழிக்கு இரண்டடியில் போய் நின்றது. அப்படி ஒரு அடியை அவன் பிறந்ததிலிருந்து அடித்ததில்லை.

ஏழாம் குழி அவனுக்கு. எட்டும் ஒன்பதும் சமம். கர்னல் கை குலுக்கினார். கிளப் பந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் பூந்திப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"நாளைலேர்ந்து நீ நின்னுடு."

நாகவல்லி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். உள்ளே ஒரு பந்து. அதே ரகம். புதுசு.

"இது ஏது?"

"புதருக்குள்ள இருந்து எடுத்தேன். அடையாளம் ஒண்ணும் இல்ல. நீ போட்டியா?"

அவன் கையில் இருந்த பூந்தி வாய்க்குப் போகவில்லை.

"அப்ப நான் அடிச்சது?"

"நீதான் சொல்லணும். வேற பந்த அடிச்சா இன்னா ஆவும்?"

வேறு பந்தை அடித்தால் குழி போச்சு. குழி போனால் ஆட்டம் போச்சு, நாற்காலி போச்சு. ஏன், எப்படி என்று கர்னல் கிண்ட ஆரம்பித்தால் சம்பத் போன கேட்டு.

"அத்த குடுத்துடு."

"என்னாண்டயே பத்திரமா இருக்கட்டும். நீ போய் நாற்காலில குந்து. நான் வேலைக்குப் போறேன்."

போனாள். எட்டு வருஷம் போனாள்.

காலையில் தண்ணீர் லாரிக்கு இவன் குடத்தோடு ஓடினான். வாசலை இவன் பெருக்கினான். முழங்கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. குப்பையை மட்டும் பார்த்தாள். தட்டில் உப்பில்லை என்று வாயைத் திறந்தால் அவள் கை இடுப்புக்குப் போகும். அவன் சாப்பிட்டுவிடுவான். கருத்து சொல்வதை அடியோடு நிறுத்தினான். மேஜரே கூப்பிட்டு, "என் கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். "கை இருக்கு சார்" என்றான்.

நாற்காலி கிடைத்தது. உட்காரத்தான் முடியவில்லை. கர்னல் தூரத்தில் வந்தாலே எழுந்து நிற்பான். கர்னல் 'செங்கல்வராயன்' என்று கூப்பிட்டால் கேட்டைத் திரும்பிப் பார்ப்பான். அவர் ஃபேன் ஓடுகிறதா என்றுதான் கேட்பார். எதிரே புல்லில் குப்பம்மாவும் பேபியும் சிரிப்பார்கள். நடுவில் நாகவல்லி, கருத்தாய்க் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றேழில் ஓய்வு. மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தான். மாலையைக் கழற்றக்கூட இல்லை.

"முடிஞ்சிது. இனிமே எவனும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பந்த குடு."

"இந்தா."

கையில் வாங்கினான். உருட்டிப் பார்த்தான்.

"இந்த ஒரு பந்துக்கு எட்டு வருசம்."

"அது உன் பந்து இல்லய்யா. அதுக்கு முந்தின நாளு ஆட்டத்துல எவனோ தொலைச்சது."

"அப்ப என் பந்து?"

"நீ அடிச்சதுதான். பனமரத்துல பட்டு எகிறி வந்து, அதுவா புல்லு மேல குந்திச்சி. நான் கிட்டவே போகல."

செங்கல்வராயன் பந்தைக் கீழே வைத்தான்.

"ஒழுங்காத்தான் ஜெயிச்சேனா?"

"ஒழுங்காத்தான்."

"அன்னிக்கே ஏன்மே சொல்லல?"

"சொல்லி இருந்தா என்னை வேலைய வுட்டு நிறுத்தி இருப்ப."

செங்கல்வராயன் ஆயுளில் நேர்மையாக ஜெயித்தது அந்த ஒரே ஒரு ஆட்டம். அதை வெளியே தெரியாமல் மறைக்கத்தான் எட்டு வருஷம் பாடுபட்டிருக்கிறான்.