மெர்வ் அறிவித்த பனி

சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தையலெல்லாம் தெரிய, மரபின்னா ஊர்த் தொலைக்காட்சியில் அன்றைய வானிலையை வாசித்து முடித்த மெர்வின் டக்வெல், மேசைமேலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. மணி அடிக்கவில்லை.

பிரிஸ்பேனிலிருந்து சேனல் மேலாளர் ஃபியோனா காலையில்தான் பேசியிருந்தாள். மரபின்னாவில் இப்போது யார் டிவி பார்க்கிறார்கள், ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டதே என்றாள்.

"சனிக்கிழமை நானே வர்றேன் மெர்வ். அதுக்குள்ள ஊர்லேர்ந்து ஒரே ஒரு ஃபோன் வரட்டும், நிகழ்ச்சி இருக்கும். வரலேன்னா எல்லா ஊர் வெயிலையும் இங்கேருந்தே சொல்லிக்கிறோம்."

பார்க்கிறவர்கள் தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று திரையில் கெஞ்ச மெர்வால் ஆகாது. கெஞ்சினாலும் பலனில்லை. மரபின்னாக்காரர்கள் பாராட்டுவதற்குத் தொலைபேசியைத் தொட்டதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் தப்பு கண்டுபிடித்தால் விடமாட்டார்கள். பண்ணைக்குப் பண்ணை வேலிக்கம்பத்தில் மழைமானி மாட்டி வைத்திருக்கும் ஊர் அது. மெர்வ் ஒரு மில்லிமீட்டர் குறைத்துச் சொன்னால் போதும், தங்கள் மழையை அவர் திருடிவிட்டதுபோல வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

ஆகவே தப்பு செய்வதென்று முடிவெடுத்தார். அதில் அவருக்கு அனுபவம் உண்டு.

முதல் தப்பான திருப்பிப் போட்ட சட்டை பலிக்காததால், மறுநாள் வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டு, கடலுக்குப் புழுதிப்புயல் எச்சரிக்கை விடுத்தார். தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. கம்பி அறுந்திருக்குமோ என்று கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். கணீரென்று அடித்தது. ஒளிப்பதிவாளரை எப்போதோ நிறுத்திவிட்டு, தானே திரும்பும் காமிராவை வைத்துவிட்டதால், எடுக்க அங்கே வேறு ஆளில்லை. மெர்வே எடுத்து "ஹலோ" என்றார். இரண்டு காதிலும் தன் குரல் கேட்டபோது அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் தெரு முழுக்க எல்லா ஜன்னல்களும் ஒரே நீலத்தில், ஒரே நொடியில் மின்னும். இரவு மழை வரலாம் என்று அவர் சொல்லிவிட்டு வெளியே வந்தால், ஊர்க் கொடிகள் அத்தனையும் துணி இல்லாமல் காலியாக நிற்கும். தன் ஒற்றைக் குரல் எப்படி இத்தனை கொல்லைப்புறங்களுக்குள் புகுந்தது என்று பிரமித்து நின்றுவிடுவார். இப்போது ஜன்னலுக்கு ஒரு நிறம்.

வாசற்படியில் மூடிபோட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. டூனா மீனும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த சேமியா. சீட்டு எதுவும் இல்லை. அடுத்த நாள் ஆட்டிறைச்சி வந்தது. அதற்கடுத்த நாள் யாரோ புல்லையும் வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பப்பில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. வாயைத் திறந்தாலே வம்பிழுக்கும் பழைய நண்பன் க்ளெம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான்.

"உட்காருப்பா. வேற ஏதாச்சும் வேணுமா?"

"என்னடா, மரியாதையெல்லாம்?"

"சும்மாதான்," என்று க்ளெம் தன் பீரைப் பார்த்துக்கொண்டான்.

மெர்வுக்குப் புரிந்துவிட்டது. வேலை போகப்போகும் சேதி கசிந்துவிட்டது. நிகழ்ச்சியைப் பார்க்க ஆளில்லை, துக்கம் விசாரிக்க மட்டும் ஊரே வருகிறது. வந்த ரோஷத்தில் வெள்ளிக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"நாளை மரபின்னாவில் பனி பொழியும்," என்று புன்னகை மாறாமல் வாசித்தார். "வெளியே செல்பவர்கள் கம்பளித் தொப்பியும் கையுறையும் அணிந்து செல்லவும்."

ஜனவரி மாதம், ஆஸ்திரேலியாவின் உச்சக் கோடை. வெளியே சாலையின் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, இனி யாருக்கும் தேவைப்படாத அந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை ஃபியோனா வந்து இறங்கினாள். கெட்ட சேதியைச் சொல்லுமுன் எதையாவது வாங்கிக்கொடுப்போம் என்று நினைத்தாளோ என்னவோ, பேக்கரிக்குப் போகலாமா என்றாள். இருவரும் பெரிய தெருவில் திரும்பினார்கள்.

மெர்வின் கால்கள் நின்றுவிட்டன.

கசாப்புக்கடைக்காரர் கழுத்தில் மஃப்ளர் சுற்றி மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். பப் வராந்தாவில் க்ளெமும் கூட்டாளிகளும் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பிகளோடு, வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுவண்டிக் குழந்தைக்குக்கூடக் கையுறை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கொதிக்கும் வெயிலில், ஒரு ஊரே குளிர்காலத்தில் இருந்தது.

"குளிருதில்ல, மெர்வ்?" என்றான் க்ளெம், மூக்கு நுனியில் வியர்வை சொட்ட.

"ஆமாம்ப்பா," என்றார் மெர்வ். உண்மையிலேயே அவருக்கு முதுகில் சிலிர்த்தது. காலியான கொடிகளுக்கு முன் நின்ற அதே சிலிர்ப்பு.

"இது என்ன, உங்க ஊர் திருவிழாவா?" என்று ஃபியோனா கிசுகிசுத்தாள்.  மெர்வை ஒரு கேள்வி மட்டும் குடைந்தது. இத்தனை பேர் பார்த்தும் ஏன் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை?

பேக்கரிக்கார நோரீன் ஸ்வெட்டருக்குள் உருகிக்கொண்டே இரண்டு இறைச்சி பஃப்களைக் காகிதத்தில் சுற்றினாள். குளிர்பானம் எடுக்க மெர்வ் மூலைக்குப் போனதும், அவள் கல்லாவுக்கு மேலாக எட்டி, ஃபியோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். நோரீனின் தாழ்ந்த குரல் கடை முழுக்கக் கேட்கும்.

"நீங்க அவருக்குச் சொந்தமாம்மா? பனி பெய்யலேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்தாரே, அன்னைக்கே டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு, அவருக்கு மனசு சரியில்ல, யாரும் ஃபோன் பண்ணித் திருத்தக் கூடாதுன்னு. இந்த வாரம் பூரா ஊரே டிவி முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்."