கூண்டுக்குள் யார்?

றெக்கை உள்ளதோ வால் உள்ளதோ, எதுவும் இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். காரணம் இருக்கிறது. கூண்டு வைக்க இருக்கும் ஒரே இடம் என் சின்ன அறை. அச்சகத்துத் தாள்களைப் பிழை திருத்துவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, மத்தியானம் நான் நிம்மதியாகக் குறட்டை விடும் இடம் அது.

மனைவிக்கு லவ் பேர்ட்ஸ் வேண்டுமாம். மகளுக்கு வெள்ளெலி வேண்டுமாம். மனைவியிடம் ஒருமுறை 'முடியாது' என்று சொல்லிப் பார்த்தவன் நான். மறுபடி சொல்ல உடம்பில் தெம்பில்லை. தந்திரத்தில் இறங்கினேன்.

"ரெண்டு பேரும் பேசி ஒரே முடிவாச் சொல்லுங்க. அன்னைக்கே வாங்கித் தர்றேன்."

ஒத்துப்போனால்தானே! நேராகச் சமையலறைக்குப் போய் மனைவியின் காதைக் கடித்தேன்.

"எலியாம் எலி! பகலெல்லாம் தூங்கும். ராத்திரி எந்திரிச்சு உருட்டித் திங்கும். ஒரு வேலைக்கு ஆகாது. பறவைன்னா அதோட அழகே தனி."

"அப்படியா!" என்றாள், வெங்காயம் நறுக்கியபடி.

அடுத்து மகள்.

"பறவையா? வாய் ஓயாது கண்ணு. தின்னது பாதி, இறைச்சது பாதி. எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும். எலி பாரு, சத்தமே போடாது."

"ஆமால்லப்பா!"

ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. இறகு உசத்தியா, ரோமம் உசத்தியா? கொத்துவது மேலா, கொறிப்பது மேலா? நான் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றிவிட்டு, அறைக்குப் போய்ச் சுகமாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த அறையில் கண் விழித்தால், கால்மாட்டில் இரண்டு கூண்டு. ஒன்றில் கீச்சு கீச்சு. இன்னொன்றில் ஒரு உருண்டை சுருண்டு கிடந்தது.

"என்ன அநியாயம் இது? ஒரே முடிவுன்னுதானே சொன்னேன்!"

"ஒரே முடிவுதாங்க. ரெண்டையும் வாங்குறதுன்னு" என்றாள் மனைவி.

"அது பகலெல்லாம் தூங்குமே! இது ஓயாம கத்துமே!"

"தெரியும். நீங்க எங்கிட்ட சொன்னதை நான் அவகிட்ட சொன்னேன். அவகிட்ட சொன்னதை அவ எங்கிட்ட சொன்னா. இந்தக் குணம் அத்தனையும் ஒண்ணா இருக்குற உங்களோடயே இத்தனை வருஷமா குப்பை கொட்டிட்டேன். ஆளுக்குப் பாதி வச்சிருக்குற இதுங்களா எனக்குப் பெரிசு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் எங்க தூங்குறது?" வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"தூங்குறதா? பிழை திருத்துறதாத்தானே சொன்னீங்க!"

இப்போது மத்தியானம் அந்த அறையில் வெள்ளெலி தூங்குகிறது. அது விழித்துவிடாமல், நான் சத்தமில்லாமல் கூண்டு கழுவுகிறேன்.