பன்றிக்கால் கட்டியில் ரத்த ஓட்டம்

பொய்க்கட்டி கரைந்து போயிருந்தது. குளிர்பெட்டி மக்கர் பண்ணியதில், ஆராய்ச்சியாளன் வுகாஷின் சோதனைக்காக ஜெலட்டினில் செய்து வைத்திருந்த புற்றுக்கட்டி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

ஊசி குத்தாமல், மருந்து ஏற்றாமல், தோலுக்கு வெளியிலிருந்தே ஒலியை அனுப்பிக் கட்டிக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடிக்கும் கருவி அவனுடையது. உள்ளே எது அசைந்தாலும் திரையில் நிறமாகத் தெரியும். அரை மணியில் நிபுணர் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் அடுத்த வாரமே நோயாளிகளைப் பரிசோதிக்கலாம். இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு.

ஆய்வகத்தில் காப்பி போடும் ஸ்டாமெனாவிடம் ஓடினான்.

"அக்கா, உங்க பிஹ்தியே கொஞ்சம் தாங்களேன்!"

பன்றிக்காலை வேகவைத்து, பூண்டு தட்டிப்போட்டு உறைய வைத்த ஜெல்லி அது; வினிகர் தெளித்துச் சாப்பிடுவார்கள். அவளுடைய மதியச் சாப்பாடு.

"பசிக்குதா தம்பி?"

"கட்டி செய்யணும்க்கா."

"என் சமையலைப் பத்தி இன்னைக்காவது மனசுல இருக்கறதைச் சொன்னியே" என்று பாத்திரத்தை நீட்டினாள்.

ஜெல்லிக்குள் மெல்லிய குழாய்களைச் செருகினான். அவற்றில் சிவப்புத் திரவத்தைச் செலுத்தும் பம்ப் பக்கத்து அறையில் இருந்தது. அதன் இரைச்சல் கருவிக்கு ஆகாது.

குழுவினர் மூவரும் வந்தார்கள். செர்பியாவில் காப்பி கொடுக்காமல் எந்த வேலையும் தொடங்காது. குடித்து முடித்ததும் வுகாஷின் கருவியின் முனையை ஜெல்லிமேல் வைத்தான். திரை கறுப்பாகவே இருந்தது.

"எங்கப்பா ரத்தம்?" என்றார் குழுத் தலைவி ரத்மிலா.

"இதோ வந்திடும் மேடம்."

பூண்டுதான் மறைக்கிறது என்று நினைத்து, கருவியின் உணர்திறனைக் கூட்டினான். நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. முழுசாகக் கூட்டினான். திரை முழுக்க வண்ண மழை கொட்டியது.

"கட்டியில ரத்தமா, ரத்தத்துல கட்டியா?" என்றார் ரத்மிலா.

பதறிப்போய் முனையை அழுத்தினான். ஜெல்லி இரண்டாகப் பிளந்தது. அறையெங்கும் பூண்டு வாசம்.

"வினிகர் இல்லையா?" என்று கேட்டார், அதுவரை வாய் திறக்காத பருத்த உறுப்பினர்.

வுகாஷினுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பிளந்த பாதிகளை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் முனையை வைத்தான். இரண்டு கைகளும் வெடவெடவென்று உதறின.

திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடைகள் கிளம்பின.

ரத்மிலா எழுந்தே விட்டார். "அடேயப்பா! துடிப்புகூடத் தெரியுதே!"

"அருமை!" என்றார் பருத்தவர்.

"திங்கக்கிழமை மூணு நோயாளிங்களை அனுப்பறேன். உன் படத்தை வச்சுத்தான் வைத்தியம்." ரத்மிலா கைகொடுத்துவிட்டு மற்றவர்களோடு கிளம்பினார். வுகாஷினுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சந்தோஷமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கோப்பைகளை எடுக்க வந்த ஸ்டாமெனா கேட்டாள்:

"தம்பி, அந்தப் பம்ப்போட பிளக்கை இப்பவாவது மாட்டட்டுமா? அவங்க வர்றதுக்கு முன்னாடி, காப்பி அடுப்புக்காகப் பிடுங்கினது."