வடையையும் மூளையையும் அளந்தவர்

நான் பொறியியல் பட்டதாரி. இருங்காட்டுக்கோட்டையை அடுத்த பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வுபெற்று, அங்கேயே ஆலோசகராக மீண்டும் அமர்த்தப்பட்டவன். என் கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டிகூட வாயிலைத் தாண்டியதில்லை. பின்னால் வருவதைப் படிப்பவர்கள் என்னைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இனி அந்த மனிதர். அளக்கக் கூடாதது என்று உலகில் ஏதும் உண்டு என்பதை அறியாத ஒரே பிறவி அவர். பென்னலூர்க்காரர், எங்கள் லைன் இன்ஸ்பெக்டர். துளையைச் சோதிக்க எங்களிடம் ஓர் எஃகுக் குச்சி உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. ‘கோ–நோகோ’ என்போம். அது எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடந்ததால் அவருக்கும் அதுவே பெயராயிற்று.

கேன்டீனில் வடை வந்தால் முதலில் துளையில் குச்சியை விடுவார். “நோகோ! ரிஜெக்ட்டு!”

“ஏ அண்ணாச்சி, ஓட்டையவா திங்கப் போறிய?” என்பார் திருநெல்வேலியிலிருந்து வந்த ஆபரேட்டர்.

“ஓட்டை பெர்சாச்சின்னா மாவு எங்கடா போச்சி? கான்ட்ராக்டர் வூட்டுக்கா?”

தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் போடவிருந்த மோதிரத்தை வாங்கி அளந்து, “ஓவர் சைஸு, கழண்டுக்கினு பூடும்” என்று சபையில் அறிவித்தார். மோதிரம் தங்கிவிட்டது, சம்பந்தம் கழன்றுகொண்டது.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய வேளையில், காலைக் கூட்டமொன்றில், நெடுநாள் பழகிய வாடிக்கையாளரின் பெயர் என் நாவுக்கு வரவில்லை. நிர்வாகம் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னது. மருத்துவர் பார்த்துவிட்டு, நோய் ஏதுமில்லை, வயதுக்கேற்ற சுருக்கம்தான் என்றார்.

மறுநாள் கம்பெனிப் பேருந்தில் என் பக்கத்தில் வந்தமர்ந்த கோ–நோகோ, அனுமதி கேட்காமல் உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னா சார், நடுவுல இம்மாம் பெரிய ஓட்டை கீது?”

படித்தவன் என்ற முறையில் விளக்கினேன். வயதாக ஆக ஆரோக்கியமான மூளையும் சுருங்கும். மேற்பட்டை மெலியும், மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் அகலும், நடுவிலுள்ள நீரறைகள் விரியும். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி சற்றுக் கூடுதலாகவே இளைக்கும். ஆகவே பெயர்கள் தாமதித்து வரும். சேர்த்துவைத்த சொற்கள் எங்கும் போய்விடா.

“அட, ஷ்ரிங்கேஜு சார்! பார்ட்டு ஆறச்சொல்ல சுருங்கத்தான செய்யும்? அதுக்குன்னுதான மோல்டையே கொஞ்சம் பெர்சா வெட்றோம்? சுருங்கறதுக்குன்னு வுட்ட அலவன்ஸுக்குள்ளதான் கீது. கோ!”

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்றுகொண்டார். “கேட்டுக்கோங்கப்பா! சாரு மூள சுருங்கிக்கீது. ஆனா பாஸு!”

முதல் பாதி மட்டுமே பேருந்தைவிட்டு இறங்கியது. தேநீர் இடைவேளைக்குள் என் மூளை கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது.

என் மகன் வயதுடைய மனிதவள மேலாளர், “ரெஸ்ட் எடுங்க சார், இவ்ளோ நாள் உழைச்சிட்டீங்க” என்று குழைந்தார். நோயில்லை என்று எழுதியிருந்த அறிக்கையை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது. நான் உருவாக்கிய சூப்பர்வைசர்கள் அனைவருக்கும் அன்று பார்த்து லைனில் அவசர வேலை இருந்தது.

மேலாளரின் அறைக்கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் ஒருவர்தான். “சார பாஸ் பண்ணது நானு. ரிஜெக்ட்டுன்னா அளவு போட்ட ட்ராயிங்கக் காட்டு. இன்னா, உன்னுதயும் அளக்கட்டா?” என்று குச்சியை மேலாளரின் காதருகே நீட்டினார்.

அன்றே குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் இடத்துக்கு அவரை அனுப்பினார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

அவருடைய வாயால் என் பதவி போயிற்று என்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. என்னால் அவருடைய பதவி போயிற்று.