பவளம் காலியா?

"அக்கா, நான் உன் தம்பி. வயசு இருபத்துநாலு. இருக்கிற இடம், முழங்கால் சேறு. சீக்கிரம் சொல்லு, அலகு என்ன நிறம்?"

பயம் வந்தால் அவனுக்கு விசா அலுவலகப் பழக்கம் வந்துவிடும். யார், வயசென்ன, எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான்.

நாணலுக்குள் குனிந்து, கழுத்தில் தொங்கிய போனிடம் கிசுகிசுத்தான். இரண்டு கையும் தொலைநோக்கியில். பேசினால் போனே எழுதி, போனே அனுப்பிவிடும். ஆனால் அதற்குக் காது கொஞ்சம் மந்தம். "அழகு என்ன நிறம்" என்று அனுப்பியது. கூடப் போன பறவைப் படமோ சிக்னல் இல்லாமல் பாதி வழியில் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறவியிலேயே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அதை மறைத்துத்தான் பறவைக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்தான். "கலர் பிரிச்சுச் சொல்வியா?" என்று மட்டும்தான் சார் கேட்டார். "சொல்வேன் சார்" என்று வாய் முந்திக்கொண்டது. இருபத்தொன்பது நாளும் அக்காவுக்குப் படம் அனுப்பி, அவள் சொன்னதை ஒப்பித்தே ஓட்டினான். ஒரு மாதச் சோதனையில் இன்று கடைசி நாள். சார் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு விமானம்.

"கால் சிவப்பா, பச்சையா?" பத்தடி தள்ளி, நோட்டும் கையுமாக சார் கேட்டார்.

சிவப்பென்றால் பவளக்காலி. பச்சையென்றால் பச்சைக்காலி. இத்தனை நாளில் சார் தன் வாயால் ஒரு நிறம்கூடச் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே சோதிக்கிறார் என்று இவனுக்கு உதறல்.

"ஒரு நிமிஷம் சார். சேறு மறைக்குது."

அக்காவின் பதில் வந்தது: "யாருடா அவ?"

"ஐயோ, அவ இல்லக்கா! பவளக்காலியா, பச்சைக்காலியா?"

"பவளம் காலியா" என்று அனுப்பியது போன்.

"பவளம் காலியா? அம்மா குடுத்தனுப்பின பவள மாலையா? அந்த அழகிக்குத் தூக்கிக் குடுத்துட்டியா? இரு, அம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லாதக்கா! கால்! கால்!"

இந்த முறை போன் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அக்கா அதைப் படித்து, அம்மாவைக் கால் பண்ண வைத்தாள்.

போன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. பறவைக் கூட்டம் மொத்தமும் கிளம்பிவிட்டது.

'போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்' என்று நினைத்தபோது, தலைக்கு மேலே விரிந்த இறக்கைகள் கண்ணில் பட்டன. பயத்தில் தூக்கமில்லாமல் புரட்டிய பறவைப் புத்தகத்தின் பக்கம் ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது.

"பவளக்காலி சார்! இறக்கையோட பின்னோரம் பூரா வெள்ளைப் பட்டை! பச்சைக்காலிக்கு அது கிடையாது!"

சார் எழுந்து நின்றுவிட்டார். இவன் போனை எடுத்தால், அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"பவளம் எங்கடா?"

"பறந்துடுச்சும்மா."

சார் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "பறக்க விட்டுப் பாத்தியா! கில்லாடிப்பா நீ. நாளையிலிருந்து வளையம் பாக்குற வேலை. கால்ல சின்னதா மாட்டியிருக்கும். சிவப்பு இந்த வருஷக் குஞ்சு, பச்சை போன வருஷத்துது. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."

வளையத்துக்கு ஏது வெள்ளைப் பட்டை?

"நீங்களும் ஒரு தடவை சரி பாத்துடுவீங்கல்ல சார்?"

"எதுக்குப்பா? அதான் நீ இருக்கியே."

சார் தொலைநோக்கியை உறையில் போட்டுக்கொண்டிருக்க, இவன் முதலில் போய் சாரின் வண்டியில் ஏறினான். வண்டி ஓட்டும் பெண்மணி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

"நீ வந்தப்புறம்தான் தம்பி சாருக்கு உயிரே வந்துச்சு. பாவம், அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. சிக்னலுக்குப் பயந்துதானே வண்டியவே என்கிட்ட குடுத்துட்டாரு!"

அவன் மெல்லப் போனை வாயருகே கொண்டுபோனான்.

"நான் உங்க பையன். வயசு இருபத்துநாலு. வேலை நிரந்தரம். இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, நாளைக்கும் படம் அனுப்பிக் கலர் கேப்பேன், தயவுசெஞ்சு போனை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."