ஒரு நாளைக்கு ஓர் அங்கம்

நேற்று வலப்பக்கம் சாய்ந்திருந்த மூக்கு இன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஓவியர் பொன்னுதுரை தூரிகையைக் கீழே வைத்தார். செட்டியாரைப் பார்த்தார். கித்தானைப் பார்த்தார். மறுபடியும் செட்டியாரைப் பார்த்தார்.

"என்ன ஆர்ட்டிஸ்ட்டு, ஏதும் கோளாறா?" என்றார் செட்டியார், தலையை அசைக்காமல்.

"உங்ககிட்ட ஒண்ணுமில்ல. படம் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்குது. வழிக்குக் கொண்டு வந்துடலாம்."

கத்தியை எடுத்தார். நேற்றுக் காலை முழுக்க நின்று வரைந்த மூக்கை ஒரே இழுப்பில் சுரண்டி எறிந்தார். வருத்தப்படவில்லை. சுரண்டுவது அவருக்குப் பல் துலக்குவது மாதிரி.

மலாக்கா காஜா பெராங்கில் வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் அவருடைய பட்டறை. காலையில் கோப்பி குடித்ததும் உள்ளே போவார். சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் படத்தை எடுத்துத் தலைகீழாக நிறுத்துவார். தலைகீழாக வைத்தால் ஆள் மறைந்து வடிவம் மட்டும் தெரியும். பிறகு நிமிர்த்திக் கண்ணாடியில் காட்டுவார். நேரே பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் தப்பு கண்ணாடியில் அகப்பட்டுக்கொள்ளும். அகப்பட்டதைச் சுரண்டுவார். அதற்கப்புறம்தான் வண்ணம் குழைப்பது.

உட்காருகிறவர் வந்ததும் வெகுநேரம் சும்மா பார்ப்பார். அன்றைக்கு ஓர் அங்கம். மூக்கென்றால் மூக்கு மட்டும். காதென்றால் காது மட்டும். மற்றது கண்ணில் படக்கூடாது. வேலை முடிந்ததும் படம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். மறுநாள் காலைவரை அவரே அதைப் பார்க்கமாட்டார்.

"முழுசாப் பார்க்கிறவன் ஒண்ணையும் பார்க்கிறதில்ல," என்பார்.

"பானையில அரிசி இல்லாததும் அப்படித்தான் உங்க கண்ணுல படல," என்பாள் மனைவி பாக்கியலட்சுமி.

செட்டியார் என்றால் சுப்புராமன் ஜவுளிக்கடைச் செட்டியார். கடை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில். உழைப்பாளி. சித்திரைக்குப் பிறகு அந்தக் கடை மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சாத்துவதில்லை, எப்போது போனாலும் மனிதர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார் என்று ஊர் மெச்சியது. அவரே ஒருநாள் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"மெர்டேக்கா வருது. சுதந்திரம் கிடைச்சு நாடு புதுசாகுது. கடைக்கும் ஒரு படம் வேணும். மேசைக்கு மேல மாட்டணும். உள்ளே வர்றவங்களுக்கு முதலாளி முகம் தெரியணும்."

"மாட்டிடலாம். தினம் காலையில வந்து உட்காரணும்."

"தினமுமா?" செட்டியார் யோசித்தார். "அதுக்கென்ன, பார்த்துக்கலாம்."

இந்தச் செய்தி பசார் முனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சேதுபதியின் காதுக்குப் போனது. சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏன் துரை, பாவம் அந்த மனுஷனைத் தினமும் காய வைக்கிறே? நான் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு வெளியே எடுக்கிறதுக்குள்ள ஆள் பெட்டிக்குள்ள வந்துடுவான்."

"பெட்டிக்குள்ள வர்றது நிழல். என் கித்தான்ல வர்றது ஆள்."

"மெர்டேக்காவுக்குள்ள வந்துடுமா?"

"வரலேன்னா தூரிகையைக் கழுவி வச்சுட்டு உன் ஸ்டுடியோவுக்குப் போர்டு எழுத வர்றேன். போதுமா?"

"தங்கச்சி, நீங்க சாட்சி," என்றார் சேதுபதி, வாசலில் நின்ற பாக்கியலட்சுமியிடம்.

"எனக்கு அரிசி வந்தா சரி அண்ணே. படத்துல வந்தாலும் சரி, போர்டுல வந்தாலும் சரி," என்றாள் அவள்.

பந்தயம் அப்படி முடிவானது. பொன்னுதுரைக்குக் கவலையில்லை. மலாக்காவில் அவர் வரைந்த முகத்தைப் பார்த்து யாரும் 'இது யார்?' என்று கேட்டதில்லை. அவர் கண் பொய் சொன்னதில்லை.

இப்போதுதான் இந்த மூக்கு.

மூக்கை இடப்பக்கம் சாய்த்தார். சாய்த்ததும் வாய் நடுவில் இல்லை. வாயை நகர்த்தினார். வாய் நகர்ந்ததும் முகவாய் தனியாக நின்றது. அதையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். ஒரு நாளைக்கு ஓர் அங்கம் என்ற விதி அன்று முதன்முதலாகக் கெட்டது. பரவாயில்லை, முகம் கூடிவிட்டது. திருப்தியோடு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

மறுநாள் செட்டியார் வந்து உட்கார்ந்தார். மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

பொன்னுதுரை ஒரு பீடி பற்றவைத்தார். பீடி பாதி எரிவதற்குள் காரணம் பிடிபட்டுவிட்டது.

"பாக்கியம்! இங்கே வா. இந்தக் கண்ணாடியை எடுத்துட்டுப் போ."

"எங்கே?"

"எங்கேயாவது. இது இடத்தை வலமாக் காட்டுது. தினமும் இதைப் பார்த்துப் பார்த்து என் கையும் அப்படியே பழகிடுச்சு."

"கல்யாணமான புதுசுலேர்ந்து ஒரு கண்ணாடி கேக்கிறேன். செட்டியார் மூக்கு புண்ணியத்துல இப்பத்தான் கிடைக்குது," என்று அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

மூக்கு, வாய், முகவாய் மூன்றையும் சுரண்டினார். மூன்றையும் வலப்பக்கம் நகர்த்தினார். கண்ணாடி இல்லாமல் வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடந்தது.

மறுநாள் மூக்கு இடப்பக்கம்.

இனி கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணாடி அடுப்படியில் இருந்தது. பொன்னுதுரை கொட்டகையைச் சுற்றி வந்தார். கிழக்குச் சன்னலில் வெயில் அடித்தது.

"வெளிச்சம் பக்கவாட்டுல வருது செட்டியாரே. நிழல் விழுந்தா நேரா இருக்கிற மூக்கும் சாஞ்சுதான் தெரியும். வெளிச்சம் உச்சியிலேர்ந்து வரணும்."

"உங்களுக்குத் தெரியாததா," என்றார் செட்டியார்.

அவர் போனதும் சன்னலைப் பலகை வைத்து அறைந்தார். ஏணி போட்டு ஏறி, செட்டியார் நாற்காலிக்கு நேர் மேலே அத்தாப்பைப் பிய்த்து எடுத்தார். வானம் சதுரமாகத் தெரிந்தது. வெளிச்சம் அருமையாக இறங்கியது.

மறுநாள் அதன் வழியாக மழையும் இறங்கியது.

செட்டியார் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குடை நிழலில் முகமே தெரியவில்லை. குடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார் பொன்னுதுரை. மூக்கு தெரிந்தது. வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நுனியில் ஒரு சொட்டு மழை நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சேதுபதி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். குடையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"துரை, இது முகப்படமா, கடற்கரைப் படமா?"

"வேலை நேரத்துல பேசாதே."

"சரி, இவர் எப்படி எனக்கு முன்னாடி வந்தார்? இப்பத்தான் கடையில துணி கிழிச்சுக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு வர்றேன்."

"அவர் பெச்சா வண்டியில வருவார். நீ காத்துப்போன சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றே. யார் முன்னாடி வருவாங்க?"

சேதுபதி குனிந்து தன் பின்சக்கரத்தைப் பார்த்தார். உண்மையிலேயே காற்று இல்லை. பேச்சு அதோடு நின்றது.

பொன்னுதுரை மட்டும் ஒன்றைக் கண்டுபிடித்தார். கண்ணாடியும் வெளிச்சமும் நிரபராதிகள். குற்றவாளி நாற்காலி. செட்டியார் ஒருநாள் இப்படி உட்காருகிறார், ஒருநாள் அப்படி உட்காருகிறார். மனிதன் அசைந்தால் மூக்கு என்ன செய்யும்?

நாற்காலிக் கால்களைத் தரையோடு ஆணி வைத்து அறைந்தார். செட்டியாரின் பின்மண்டைக்குத் தலையணை கட்டிய கம்பு ஒன்றை நட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"நாளைக்கு வந்து இந்தக் கோட்டுக்குள்ள காலை வைங்க. ஒரு மயிரிழை தப்பக்கூடாது."

"வச்சுட்டாப் போச்சு," என்றார் செட்டியார்.

மறுநாள் வைத்தார். விரல்கள் கோட்டைத் தாண்டி வெளியே நின்றன.

பொன்னுதுரை மண்டியிட்டுப் பார்த்தார். குதிகாலைக் கோட்டோடு ஒட்டி வைத்தார். விரல் வெளியே. விரலை உள்ளே இழுத்தார். குதிகால் வெளியே.

"பாக்கியம்!"

பாக்கியலட்சுமி வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னாள்.

"வீக்கம். உடம்புல நீர் கோத்திருக்கு. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. ஐயா, கருவாடு சாப்பிடுவீங்களா?"

"விரும்பிச் சாப்பிடுவேன்மா."

"விட்டுடுங்க. உப்பைக் குறைங்க. கொள்ளுத் தண்ணி குடிங்க."

"கால்ல வீக்கமிருந்தா மூக்குலயும் இருக்கும்," என்றார் பொன்னுதுரை, மனசு லேசாகி. "அதான் இடப்பக்கம் தள்ளுது. நீங்க உடம்பைப் பாருங்க செட்டியாரே, மூக்கை நான் பார்த்துக்கிறேன்."

செட்டியார் கவலையோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பாதங்கள் கோட்டுக்குள் அச்சாகப் பொருந்தின. மூக்கும் வலப்பக்கம் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா!" பாக்கியலட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒரே நாள்ல வத்திடுச்சு. டாக்டரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இனிமேலும் கருவாட்டைத் தொடாதீங்க ஐயா."

"கருவாடு எனக்குப் பிடிக்காதேம்மா," என்றார் செட்டியார்.

"அப்படித்தான் இருக்கணும். மனசை அப்படித்தான் கட்டணும்," என்றாள் அவள், பூரித்துப்போய்.

பொன்னுதுரைக்கும் உற்சாகம் பிறந்தது. நாளை மறுநாள் மெர்டேக்கா. தெருவெல்லாம் காகிதக் கொடி கட்டியாகிவிட்டது. முகத்தில் மற்ற எல்லாம் முடிந்து, மூக்கு ஒன்றுதான் பாக்கி. இதற்காகவே எடுத்து வைத்திருந்த நல்ல வண்ணத்தைப் பிதுக்கி, வலப்பக்கம் சாய்த்து ஒரு மூக்கு வரைந்தார். அவர் வாழ்நாளில் வரைந்த மூக்குகளில் அதுதான் சிறந்தது. காலையில் வந்து கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். சேதுபதிக்கும் ஆள் அனுப்பினார், வந்து தோற்றுவிட்டுப் போகும்படி.

காலையில் சேதுபதி கேமராப் பெட்டியோடு வந்தார். செட்டியாரும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கோட்டுக்குள் வைத்தார்.

விரல்கள் வெளியே நின்றன.

பொன்னுதுரை மெதுவாகத் தலையைத் தூக்கினார். மூக்கு இடப்பக்கம்.

"கருவாடு தின்னுட்டாரு!" என்று அலறினாள் பாக்கியலட்சுமி.

"சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்ன அன்னிக்கே விட்டுட்டேன்," என்றார் செட்டியார், நெஞ்சில் கைவைத்து.

பொன்னுதுரை கத்தியை எடுத்தார். தன் வாழ்நாளின் சிறந்த மூக்கின்மேல் வைத்து இழுத்தார். இத்தனை நாள் சுரண்டல் தாங்கிய கித்தான் அன்றைக்குத் தாங்கவில்லை. மூக்கிருந்த இடத்தில் ஒரு பொத்தல் விழுந்தது.

சேதுபதி படத்துக்குப் பின்பக்கம் போனார். பொத்தல் வழியாக அவருடைய மூக்கு வெளியே வந்தது. அகலமான, நேரான மூக்கு.

"இப்பப் பாரு துரை. பொருத்தமா இருக்கா?"

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

பொன்னுதுரை தூரிகைகளை எல்லாம் கூட்டிப் பிடித்து மண்ணெண்ணெய் டின்னில் முக்கினார். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். தினமும் துடைப்பவர்தான். ஆனால் துடைத்ததும் சாடியில் நிறுத்துவார். அன்று துணியில் சுருட்டிக் கட்டினார்.

"ஏங்க..." என்றாள் பாக்கியலட்சுமி.

"கண்ணாடி தப்புன்னேன். வெளிச்சம் தப்புன்னேன். நாற்காலி தப்புன்னேன். ஒரு பாவமும் அறியாத மனுஷனைக் கருவாடு தின்னவிடாம பண்ணினேன்." குரல் தழையவில்லை. தீர்ப்பு வாசிப்பது போலத்தான் சொன்னார். "என் கண்ணு போயிடுச்சு பாக்கியம். அவ்வளவுதான். சேதுபதி, போர்டுக்குப் பலகையை அறுத்து வை."

சேதுபதிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. மூக்கைப் பொத்தலிலிருந்து வெளியே எடுத்தார். "இன்னும் ஒருநாள் இருக்கு துரை," என்றார்.

"ஒரு வருஷம் இருந்தாலும் இதே கண்ணுதான்." பொன்னுதுரை செட்டியார் முன்னால் வந்து நின்று கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க. சேதுபதி இப்பவே ஒரு போட்டோ பிடிச்சுக் கொடுத்துடுவார். நாளைக்கு நீங்க வரவேண்டாம்."

செட்டியார் தலைமாட்டுக் கம்பிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"சரிங்க ஆர்ட்டிஸ்ட்டு. அப்ப கடைக்குப் போனதும் அண்ணன்கிட்ட சொல்லிடறேன். நாளைக்கு அவர் முறை."